அப்பாவும் 2042-உம்

போன வாரம் பெரம்பலூர் போயிருந்தப்ப அப்பா கேட்டார்: "நம்ம ஆர்எக்ஸ் 100-ஐ விண்டேஜ் வண்டின்னு பதிய முடியுமாடா?" 1992-ல் வாங்கினது. கல்யாணமான புதுசுல அம்மாவை ஏத்திக்கிட்டு அரியலூர் போய் வந்த வண்டி.

பொட்டி தட்டுற புள்ளையாச்சே, 2021-ல் வந்த மத்திய அரசு விதியைத் தேடிப் படிச்சேன். முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டியிருக்கணும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பர்ல 'விஏ' வரும். அதுக்கப்புறம் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு.. அவ்ளோதான்.

"2042-ல் கிடைக்கும்ப்பா."

"அப்ப எனக்கு எழுபத்தெட்டுடா" என்று சிரித்தார்.

இன்னொரு விதியைச் சொல்லாம விட்டுட்டேன். சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் எதுவும் செஞ்சிருக்கக் கூடாது. காலேஜ் மூணாவது வருஷம், டிராக் ரேஸ் கிறுக்குல, எடை குறைக்கறேன்னு ஃபிரேமை வெட்டி வெல்டிங் வெச்சது சாட்சாத் நானேதான். அன்னிக்கு அவர் ஒரு வார்த்தை திட்டலை.

சாயங்காலம் பழைய வேட்டித் துணியால வண்டியைத் துடைச்சுக்கிட்டிருந்தார். வெல்டிங் வெச்ச இடத்தையும் சேர்த்துத்தான்.