பிள்ளைகள் எழுதிய தாள்

குமரி மாவட்டத்துக் கடற்கரைப் பங்கு ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி கற்பிக்கும் பொறுப்பு நம்முடையது. சென்ற ஆண்டு சில வாரங்களைப் பருவநிலை மாற்றத்துக்கென ஒதுக்கினோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'லௌதாத்தோ சி' சுற்றுமடலை விடுத்த நாளிலிருந்தே அந்த எண்ணம் இருந்தது, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம்.

முதல் வகுப்பில் கரும்பலகை நிறைய எண்கள். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் அது ஏறத்தாழ 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் கொட்டாவி விட்டனர்.

அப்போது ஒரு மாணவி எழுந்தாள். "ஒக்கிப் புயல் இதனாலதான் வந்ததா, சார்?" 2017 நவம்பர் இறுதியில் கடலுக்குப் போன அவளுடைய பெரியப்பா திரும்பவில்லை. வகுப்பு அடங்கிப்போயிற்று. ஆமென்று சொல்லியிருந்தால் பாடம் நன்றாகப் பதிந்திருக்கும். ஆனால் ஒரு தனிப் புயலை அப்படி எளிதாகக் கணக்கில் எழுதிவிட முடியாது. பூமியில் மிகுந்துபோன வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலே வாங்கிக்கொள்கிறது, சூடேறிய கடல் புயலுக்கு வலுவூட்டுகிறது என்ற அளவில் நிறுத்திக்கொண்டோம். அவள் தலையசைத்து அமர்ந்தாள்.

பிறகு இளையோரைப் பற்றிப் பேசினோம். 1992-இல் ரியோ மாநாட்டில் பேசிய பன்னிரண்டு வயது செவர்ன் சுசூகி, 2018-இல் சுவீடன் நாடாளுமன்றத்தின் முன் பதினைந்து வயதில் தனியாக அமர்ந்த கிரேட்டா துன்பர்க் ஆகியோரை மரியாதையோடு கேட்டுக்கொண்டனர். திருவண்ணாமலை வினிஷா உமாசங்கரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தனர். தெருவில் துணி தேய்ப்பவர் கரி எரிப்பதைப் பார்த்துச் சூரிய ஒளியால் இயங்கும் தேய்ப்பு வண்டியை வடிவமைத்த பள்ளி மாணவி அவர். 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டிலும் பேசினார்.

அடுத்த ஞாயிறே பிள்ளைகள் ஒரு தாளைக் கொண்டுவந்தனர். பங்குத் திருவிழாவின் பத்து இரவுகளும் விடியும்வரை அலங்கார விளக்குகள் எரிகின்றன. ஜெனரேட்டர்காரரிடமே விசாரித்திருந்தனர்: ஓர் இரவுக்கு நாற்பது லிட்டர் டீசல். அதிலிருந்து வெளியேறும் கரியமில வாயு நூறு கிலோவுக்கு மேல் என்று கணக்கிட்டிருந்தனர். கணக்கைச் சரிபார்த்தோம், பிழையில்லை. இரவு பதினொரு மணிக்கு விளக்குகளை அணைக்க வேண்டும், ஃபிளெக்ஸ் பதாகைகள் வேண்டாம் என்பன அவர்கள் கேட்டவை. பங்குப்பேரவையில் நாமே எடுத்துரைப்பதாக வாக்களித்தோம்.

பேரவையில் தாளைப் படித்ததும் சிரிப்பு எழுந்தது. விளக்குச் செலவை ஏற்பவர் வளைகுடாவில் உழைக்கும் நல்ல மனிதர்; அவர் மனம் நோகுமே என்றார் ஒருவர். நமக்கும் அவர் வேண்டியவர்தான். "பிள்ளைகள் ஏதோ ஆர்வத்தில் எழுதியது, அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று சொல்லித் தாளை மடித்தோம். நிமிர்ந்தபோது வாசலில் அந்த மாணவி நின்றிருந்தாள்.

மறு ஞாயிறு வகுப்பில் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல, சார்" என்றாள். குரலில் பழைய நெருக்கம் இல்லை. வினிஷாவைப் பற்றிப் பேசுவது எளிதாக இருந்தது; அவர் நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர்.

இவ்வாண்டுப் பேரவைக்கு அவர்கள் புதிய தாள் எழுதியிருக்கின்றனர். ஜெனரேட்டர்காரரும் கையொப்பம் இட்டிருக்கிறார், வாடகை குறையும் என்று தெரிந்தும். இம்முறை தாங்களே படிப்பதாகச் சொல்லிவிட்டனர். நம்மிடம் கேட்டதெல்லாம், கையொப்பமிட இடம் விட்டிருக்கிறோம், இடுவீர்களா என்பதுதான். இட்டோம், கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை.