மறையூரில் ஒரு பனிக்காலம்

அமெரிக்க நாட்டில் வேலையினின்றும் ஓய்வு பெற்ற கணவனும் மனைவியுமாகப் பலர், குளிர்காலம் தொடங்கியதும் வீட்டைப் பூட்டிவிட்டு, படுக்கையும் அடுப்பும் அமைந்த பெரிய வண்டியில் ஏறி அரிசோனாப் பாலைவனத்துக்குச் சென்றுவிடுகிறார்கள். குவார்ட்சைட் என்னும் சிற்றூரைச் சுற்றித் தை மாதத்தில் இத்தகைய வண்டிகள் ஆயிரக்கணக்கில் கூடுமாம். பகலில் மலையேறுவதும் மாலையில் வெயில் காய்வதுமே அவர்களுக்கு வேலை.

தில்லியில் 35 ஆண்டுகள் குடியிருந்துவிட்ட எங்களுக்கும் அத்தகைய இடம் ஒன்று வேண்டியதாயிற்று. மார்கழி பிறந்தால் அந்நகரில் மூடுபனியும் புகையும் கலந்து இறங்கும். என் மனைவிக்கு மூச்சு முட்டும். இனி ஒரு குளிர்காலத்தை அங்கே கழிக்கலாகாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மகன் வண்டி யோசனையையே சொன்னான். கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியது. 2022-இல் இடுக்கி மாவட்டத்து வாகமணில் அவ்வண்டிகள் தங்குவதற்கென ஓரிடமும் திறக்கப்பட்டது. ஆனால் வாகமண் ஈரமும் மூடுபனியும் மிக்க ஊர். நோயாளிக்கு உலர்ந்த காற்றல்லவா வேண்டும்? "சக்கரம் வைத்த வீடெல்லாம் எனக்கு வேண்டாம், கிணற்றடி உள்ள வீடாகப் பாருங்கள்" என்றாள் என் மனைவி. அதே மாவட்டத்தின் கிழக்கெல்லையில், மறையூரில், ஒரு சிறு வீட்டை மூன்று மாதத்துக்கு அமர்த்திக்கொண்டோம்.

போகும் வழியில் பாலக்காட்டில் நான்கு நாள் தங்கினோம். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்திருக்கிறது. பனிக்காலத்தில் கீழைக்காற்று அவ்வாயில் வழியே பனைகளை உலுக்கிக்கொண்டு வீசுகிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கடைவீதிகளில் தமிழ் தாராளமாகக் கேட்கிறது. பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்த மலபார் ஜில்லாவில் இருந்த ஊர். எல்லைக் கோட்டின் விந்தை ஒன்றையும் சொல்ல வேண்டும்: பாலக்காடு மாவட்டத்திலேயே உள்ள பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியே செல்ல விரும்பும் கேரளத்தார், பொள்ளாச்சி வந்து, தமிழ்நாட்டுக் காட்டைக் கடந்துதான் தம் மாவட்டத்துக்குள் மீண்டும் நுழைய வேண்டும்! நாங்கள் அங்கே செல்லவில்லை. காற்றில் பறந்த புழுதி என் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாமையால், உடுமலைப்பேட்டைக்குப் போய் மறையூர்ப் பேருந்தில் ஏறிவிட்டோம்.

சின்னாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கேரளம் தொடங்குகிறது. ஆனால் கேரளம் என்றதும் நம் மனக்கண்ணில் எழும் தென்னையும் காயலும் இங்கில்லை. குடைவேல மரங்கள், கள்ளிப் புதர்கள், வெயிலில் காய்ந்த பாறைகள். 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியும் அதைச் சூழ்ந்த சிகரங்களும் தென்மேற்குப் பருவக்காற்றை மறித்து, அதன் நீரையெல்லாம் மூணாற்றுப் பக்கமே கொட்டச் செய்துவிடுகின்றன. மலையைத் தாண்டி இறங்கும் காற்று வறண்ட காற்று. ஆகவே சின்னாற்றில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். அதுவும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் பெய்வது. 1984-இல் வனவிலங்குச் சரணாலயமான இக்காட்டின் பரப்பு 90 சதுர கிலோமீட்டர். நட்சத்திர ஆமை முட்புதரில் வாழ்கிறது; சாம்பல் நிறப் பேரணில் ஆற்றங்கரை மருத மரங்களில் வாழ்கிறது.

நம் முன்னோர் பாலைக்கென்று தனி நிலம் வகுக்கவில்லை. குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் தம் இயல்பு கெட்டபோது பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. தொல்காப்பியர் அதற்கு வேனிலோடு பின்பனிக் காலத்தையும் உரியதாக்கினார். பனிக்கும் பாலைக்கும் என்ன உறவு என்று கல்லூரி நாளில் எனக்கு விளங்கியதேயில்லை. மாசி மாதத்தில் விடியற்காலையில் போர்வையோடு புறப்பட்டு, நண்பகலில் சின்னாற்றுப் பாறை மேல் நின்றால் யாருக்கும் விளங்கிவிடும்.

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பர். இவ்வூரார் மதுரைப் பக்கத்திலிருந்து குழப்பக் காலத்தில் மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபு. மலையில் வாழும் முதுவரும் மதுரையையே பூர்வீகமாகச் சொல்கிறார்கள். முதுகிலே சுமந்து வந்ததால் முதுவர் என்று பெயர் வந்ததாம். நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள்! இத்தனை தலைமுறைக்குப் பிறகும் தமிழ் பேசுகிறார்கள். தில்லியில் உள்ள என் பேரனிடம் தொலைபேசியில் நான் ஒரு வாக்கியம் தமிழில் சொன்னால் பதில் இந்தியில் வருகிறது.

பாலைக்குரிய ஒழுக்கம் பிரிவு என்பதும் எங்களுக்கு அங்கேதான் உறைத்தது. பொங்கலன்று அப்பேரன், "பாட்டி எப்போ வரும்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டான். என் மனைவி பேசாமல் பெட்டியை அடுக்கினாள். நானும் தடுக்கவில்லை. மறுநாள் செய்தித்தாளில் தில்லிக் காற்றின் நிலையைப் படித்துவிட்டு, அடுக்கிய புடைவைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

அதன் பிறகுதான் நடை மும்முரமாயிற்று. முதலில் கரும்புத் தோட்டம் வரை; வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் சிறிது நேரம் உட்காருவோம். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கைச்சூடு ஆறாமல் உருட்டித் தரும் உருண்டைக்கு அந்தச் சான்று தேவையே இல்லை. அடுத்து, கம்பிவேலியிட்ட சந்தனக் காட்டின் ஓரமாக. பிறகு, பாறை மேட்டிலுள்ள முனியறைகள் வரை. கற்பலகைகளை நிறுத்தி மூடிய பழங்காலத்து ஈமச் சின்னங்கள் அவை.

மாசிக் கடைசியில் தூவானம் அருவிக்குச் சென்றோம். யானை நடமாடும் காடாதலால் வனத்துறையின் வழிகாட்டி இல்லாமல் செல்லக்கூடாது. எங்களுடன் வந்த முதுவர் இளைஞர், "அம்மா, மெல்ல வாங்க, அருவி எங்கேயும் போயிடாது" என்றார். ஏற்றத்தில் இரண்டு முறை நின்றது நான்தான். அருவியாக விழும் பாம்பாறு, கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று. சின்னாற்றோடு கூடி அமராவதியாகிக் கரூர்ப் பக்கம் காவிரியை அடைகிறது. என் மனைவி பிறந்தது கரூர். கரையில் அமர்ந்து நீரில் காலை நனைத்தவள், திரும்பும் வரை பேசவேயில்லை.

பங்குனியில் புறப்படும்போது வீட்டுக்காரர் அடுத்த மார்கழிக்கு முன்பணம் கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். அவள் பேரனுக்காக வாங்கிய வெல்லத்தைத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள். கொடுங்கள் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாதி கொடுத்துவிட்டு வந்தேன்.