நிறத்தை நம்பினால் எறும்பு ஏய்க்கும்

எறும்பை இனங்காண வருபவர் முதலில் கைவிட வேண்டியது நிறத்தை. யாழ்ப்பாணத்துக் கோப்பாய்ச் செம்மண் வளவில் சிவப்பெல்லாம் செவ்வெறும்பு, பெரிய கறுப்பெல்லாம் கட்டெறும்பு, கடிக்காமல் கோணல்மாணலாக ஓடித்திரிவது பிள்ளையார் எறும்பு. குசினிக் கணக்குக்கு இது போதும். அதற்கு மேலே போவதென்றால் பத்து மடங்கு வில்லை ஒன்று, மெல்லிய தூரிகை ஒன்று, மதுசாரம் ஊற்றிய சின்னப் போத்தல்கள் சில வேண்டும்.

வில்லையை எறும்பின் இடையில் பிடியுங்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கணுவா, இரண்டா? பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் இலைகளைப் பொருத்திக் கூடு கட்டும் முசுறுக்கு ஒரு கணு. அதற்குக் கொடுக்குக் கிடையாது. தாடையால் கவ்வி, வயிற்றை முன்னே வளைத்து, கடிவாயில் போமிக் அமிலத்தைப் பீச்சும். கிணற்றடி வாழைக்குக் கீழே மண்ணைக் கிளப்பிவிட்டுக் காலில் ஏறும் சிறிய சிவப்புக்கு இரண்டு கணு. அது குத்துவது கொடுக்கால். நெருப்பெறும்பு என்ற அந்த சொலெனொப்சிஸ் ஜெமினாட்டா இந்த மண்ணுக்குரியதே அல்ல. 16ஆம் நூற்றாண்டில் அக்கபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் ஏறி அது ஆசியாவுக்கு வந்ததாக மரபணுவை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஒன்றை மட்டும் பிடித்துவந்து முடிவு சொல்லாதீர்கள். நெருப்பெறும்பின் ஒரே புற்றில் சின்னஞ்சிறிய வேலையாட்களும் இருக்கும், நடு உச்சி வகிடெடுத்ததுபோல் பிளந்த பெரிய தலையரும் இருப்பர். விதை அரைப்பது அந்தத் தலையரின் வேலை. இரண்டும் வேறு இனமென்று எழுதிவைக்கத்தான் மனம் சொல்லும். உணர்கொம்பை எண்ணிப் பாருங்கள்: இரண்டிலும் பத்துத் துண்டுகள், கடைசி இரண்டும் தடித்துக் கதாயுதமாக நிற்கும்.

மாமரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. முசுறு போலவே நிறமும் நடையுமாக வரும் ஒன்றைத் தூரிகையால் தட்டினால் நூல்விட்டுத் தொங்கும். அது பாயும் சிலந்தி. எட்டுக் காலில் முன்னிரண்டை உணர்கொம்பு போலத் தூக்கிக்கொண்டு திரிகிறது.

தலை கறுப்பு, மார்பு செம்மஞ்சள், வயிறு கறுப்பு என்று ஒல்லியாக மரத்தண்டில் தனியே ஏறுவதை மட்டும் விரலால் தொடவேண்டாம். டெட்ராபொனேரா ரூஃபோநைக்ரா. அதன் நஞ்சு ஒவ்வாமல் மூச்சுத் திணறி மயங்கியவர்கள் இருக்கிறார்கள். உக்கிய கொப்பு வெட்டும்போது கவனம்.

சீனிப் போத்தலைச் சுற்றும் கறுத்த தலை, வெளிறிய வயிற்றுப் பொடியனுக்கு வில்லையே தேவையில்லை. நசித்து மணந்தால் பழுதான தேங்காய் வாசம். அது டபினோமா.

இலங்கைக்கே உரிய அனூரீட்டஸ் எறும்பு எங்கள் வளவில் கிடைக்குமா என்று சிலர் கேட்பார்கள். கிடைக்காது. அது ஈரவலயக் காட்டுக்காரன். 1955இல் எறும்பியலாளர் ஈ. ஓ. வில்சன் அதைத் தேடிப் போனது இரத்தினபுரிப் பக்கம்.

போத்தலுக்குள் பென்சிலால் எழுதிய துண்டு ஒன்றைக் கட்டாயம் போடுங்கள்: ஊர், திகதி, எந்த மரம் அல்லது மண், பிடித்தவர் பெயர். மை மதுசாரத்தில் கரைந்துவிடும். துண்டில்லாத எறும்பை எந்த ஆய்வாளரும் ஏற்கமாட்டார்.