இரண்டாம் படி

ஓலைச்சுவடி அழியக்கூடியது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆகவே, செல்லரிப்பதற்கு முன்பே அதனைப் பார்த்து வேறோர் ஏட்டில் எழுதிவைத்தனர். பழந்தமிழ் நூல்கள் பல அவ்வாறு வழிவழியாகப் படியெடுக்கப்பட்டே நம் கைக்கு வந்தன. கணினியின் வன்தட்டோ ஓலையைவிடக் குறுகிய ஆயுள் உடையது. சில ஆண்டுகள் உழைத்தபின் எந்நாளிலும் அது நின்றுபோகலாம்.

என் மேசைக் கணினியில், மாணவர்கள் தம் பாட்டிமாரிடம் கேட்டுப் பதிவுசெய்த தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் உள்ளன. பாடியவர்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவற்றைக் காக்கும் கருவியைத் தேட முனைந்தபோது, ‘எந்த மென்பொருள் சிறந்தது?’ என்னும் வினாவிற்கு முன்பாக, ‘எதற்காகப் படியெடுக்கிறோம்?’ என்னும் வினாவே எழுந்தது.

தேவைகள் மூவகைப்படும். இயங்குதளம் உட்பட வன்தட்டு முழுவதையும் மற்றொரு தட்டில் அப்படியே பதிப்பது நகலாக்கம். பழைய தட்டு பழுதானால் புதியதைப் பொருத்திப் பணியைத் தொடரலாம். ஆனால், நகலைப் பெறும் தட்டில் முன்பிருந்தவை அழிந்துவிடும். தட்டின் உள்ளடக்கத்தைப் படிமமாகச் சுருக்கிச் சேமிப்பது இரண்டாவது வகை. இதனால் வெவ்வேறு நாள்களின் படிமங்களை ஒரே தட்டில் வைக்க இயலும். தேவையான கோப்புகளை மட்டும் படியெடுப்பது மூன்றாவது. ஆர்சிங்க் போன்ற கருவிகள் மாற்றமடைந்தவற்றை மட்டுமே எடுத்துக்கொள்வதால் இதனை நாள்தோறும் செய்யலாம்.

முதலிரு பணிகளுக்குத் தைவானில் உருவான குளோன்சில்லா என்னும் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தேன். விரலியிலிருந்தே இயங்கும் அது, பெரும்பாலும் தரவு நிறைந்த பகுதிகளை மட்டும் படியெடுக்கும். அது விலையின்றிக் கிடைப்பது மட்டும் காரணமன்று. அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்திருப்பதால், நாளை எந்நிறுவனம் மறைந்தாலும் படிமத்தைத் திறக்கும் வழி மூடாது.

எனினும், நகல் பிழையையும் நகலெடுக்கும். நேற்று நீக்கிய கோப்பு இன்றைய நகலில் இராது. எனவே, நாளிட்ட காப்புப்படிகளும் தேவை. அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகள் மீளாமலே போயின. மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒன்று வெளியிடத்தில் என்னும் நெறி இதனையே வலியுறுத்துகிறது.

மாணவர்களே, எடுத்த படியைத் திறந்து பார்க்கும்வரை அது காப்பாகாது. ஆகவே, திங்கள்தோறும் காப்புப்படியை வேறொரு கணினியில் மீட்டு, ஒரு தாலாட்டை இறுதிவரை கேட்கிறேன். பாடிய குரல் தெளிவாக ஒலித்தால் மட்டுமே அந்த மாதத்துப் பணி முடிந்ததாகக் குறித்துவைக்கிறேன்.