முருங்கை மரத்தடி மாத்திரைகள்

நெறிமுறைக் குழுக் கூட்டத்துக்கு முதல் நாள் இரவு, மருந்து ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தை வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம். கண் தாண்டிப் போய்விடும் இடத்தில் நாக்கு இடறி நிற்கும். போன மாதம் அப்படி நின்ற இடம் இது: ‘பங்கேற்பாளர்கள் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவுகளுக்கு ஒதுக்கப்படுவர்.’ இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஆறாத கால்புண்ணுடன் காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இது என்ன சொல்லும்? பென்சிலால் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினேன்: ‘உங்களுக்குப் புது மருந்தா, பழைய மருந்தா என்பதை டாக்டர் முடிவு செய்யமாட்டார். சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் அது அமையும்.’

சீட்டு என்று எழுதியதும் அத்தை வந்துவிட்டாள். புளியந்தோப்பு வீட்டில் குலுக்கல் சீட்டு நடக்கும் நாளில், பித்தளைச் சொம்புக்குள் கைவிட்டு எடுக்க என்னைத்தான் கூப்பிடுவாள். குழந்தை கைக்குக் கள்ளம் தெரியாதாம்.

1963இல் எனக்கு ஆறு வயது. அத்தைக்கு டி.பி. அந்தச் சொல்லை யாரும் உரக்கச் சொல்லமாட்டார்கள். அவள் தட்டும் தம்ளரும் தனி. ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். அத்தை ஓவல்டின் டப்பாவை எடுத்து நீட்டுவாள். அந்த அம்மா மாத்திரைகளை முறத்தில் கொட்டி, ஆள்காட்டி விரலால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணுவார். நோட்டில் குறிப்பார். சில நாள் சிறுநீரும் கேட்பார்.

பிற்பாடு படித்தபோதுதான் அந்த எண்ணிக்கையின் பெருமை தெரிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. 193 நோயாளிகளை வைத்து, இப்படி எண்ணிச் சரிபார்த்த மாத்திரைகளை வீட்டிலேயே சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. ஒரு வருடச் சிகிச்சையில், குடிசையில் இருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே தேறியிருந்தார்கள். காசநோய்க்கு ஊரைவிட்டு ஒதுங்க வேண்டியதில்லை என்று உலகத்துக்குச் சொன்னது நம் ஊர் ஏழைகளின் உடம்பு. அதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறையும்.

அத்தை சாப்பிட்டது வழக்கமான வைத்தியமா, ஏதேனும் ஆராய்ச்சியா என்று அவளைக் கேட்டிருக்கிறேன். அவளுக்குத் தெரியாது. “பேரை எழுதுன்னாங்க, எழுதினேன்” என்றாள்.

ஒரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் நான் இப்போது ‘பொதுமக்களில் ஒருவர்’. டாக்டர் இல்லை, வக்கீல் இல்லை, ஓய்வுபெற்ற தமிழாசிரியை. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி குழுவில் ஏழு பேராவது இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். கூட்டம் செல்லுபடியாக ஐந்து பேராவது வர வேண்டும். அந்த ஐவரில் என்னைப் போல ஒருவர் இல்லையென்றால் கோரம் இல்லை. அரசாங்க விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது. மருந்தைப் பற்றி அறியாத ஒருவருக்கும் புரிந்தால்தான் மேலே போகலாம் என்று சட்டமே சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்துவிட்டு வரக்கூடாது என்று எனக்கு உறைக்கவைத்தது கம்மம். அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், 2009இல் பழங்குடிச் சிறுமிகள் உட்பட ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஆய்வு நடத்தினார்கள். குஜராத்தின் வதோதராவிலும் நடந்தது. ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணமல்ல என்றே விசாரணை சொன்னது. ஆனால் 2013இல் வெளிவந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது: 9,543 படிவங்களில் 1,948இல் கைநாட்டு, 2,763இல் விடுதிக் காப்பாளரின் கையெழுத்து. பெற்றவர்கள் இடத்தில் காப்பாளர். நானும் பள்ளிக்கூடத்தில் இருந்தவள். சுற்றுலாவுக்கு, மருத்துவ முகாமுக்கு என்று பிள்ளைகளின் கடிதங்களில் அவசரத்துக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த எண்ணைப் படித்த அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அந்த முறத்துக்கு வருகிறேன். எண்ணிக்கை எப்போதும் சரியாக இருந்தது. ஏன் சரியாக இருந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். குமட்டல் தாங்காத நாட்களில் அத்தை அன்றைய மாத்திரையைக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்துவிடுவாள். நான் பார்த்துவிட்டேன். “வேண்டாம்னு அந்த அம்மாகிட்டயே சொல்லேன் அத்தை” என்றேன்.

“சொன்னா வைத்தியத்தையே நிறுத்திடுவாங்கடி. அப்புறம் நான் எங்க போவேன்?”

யாரும் அவளை மிரட்டவில்லை. நிறுத்தமாட்டோம் என்றும் அவள் காதில் விழும்படி யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வாய்திறந்து மறுக்க முடியாதவள் மண்ணைத் தோண்டி மறுத்தாள். நோட்டில் ஏறிய கணக்கும் அதனால் பொய்யாயிற்று. கேள்வி கேட்கும் குழுக்களால் ஆராய்ச்சி தாமதமாகிறது என்று சொல்கிறவர்களிடம் இந்த மரத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

போன மாதப் படிவத்தில் ‘எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது’ என்ற வரி ஏழாம் பக்கத்தில், காப்பீட்டு விவரங்களுக்குக் கீழே இருந்தது. முதல் பக்கத்துக்கு, பெரிய எழுத்தில் மாற்றுங்கள் என்றேன். பக்கம் கூடும் என்றார்கள். கூடட்டும் என்றேன். மாற்றினார்கள்.

நேற்று, ஒப்புதல் வாங்கும் முறையைப் பார்வையிடப் போயிருந்தேன். லுங்கி கட்டிய ஒரு பெரியவருக்கு இளம் டாக்டர் முதல் பக்கத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தார். அந்த வரி வந்ததும் பெரியவர் நிமிர்ந்தார். “நிஜமாவா?” என்றார். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு வரேன் சார்.”

“மெதுவா வாங்க ஐயா. இந்த மாசத்து மாத்திரையை மட்டும் மறக்காம வாங்கிட்டுப் போங்க” என்றார் டாக்டர்.