நூறு மைல் காட்டுக்கு எத்தனை கிலோ சாப்பாடு?

அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடம் ஜார்ஜியாவில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. சுமார் 3,500 கிலோமீட்டர். முழுசாக நடக்க ஐந்தாறு மாதம் ஆகும். அவ்வளவு லீவு யாருக்குக் கிடைக்கும்? அதனால் பலரும் ஏதாவது ஒரு துண்டை மட்டும் நடந்துவிட்டு வருகிறார்கள். மெய்னில் உள்ள ‘நூறு மைல் வனாந்தரம்’ அப்படிப் பலரையும் இழுக்கும் ஒரு துண்டு. மான்சன் என்ற சின்ன ஊரில் தொடங்கி அபோல் பாலம் வரை 160 கிலோமீட்டர். நடுவில் ஊரும் இல்லை, கடையும் இல்லை. மரம் ஏற்றும் லாரிகளுக்கான மண் சாலைகள்தான் அங்கங்கே குறுக்கிடும்.

மான்சன் பக்கம் காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகை: பத்து நாளுக்கான பொருட்கள் இல்லாமல் போகாதீர்கள். திட்டம் போடுகிறவர் உடனே கணக்கில் இறங்குவார். 160ஐப் பத்தால் வகுத்தால் நாளைக்கு 16 கிலோமீட்டர். நாளைக்கு 900 கிராம் சாப்பாடு என்றால் மொத்தம் 9 கிலோ. கணக்கு சரிதான். ஆனால் சராசரியை நம்பிக் காட்டுக்குள் போனால் இரண்டாம் நாளே முழங்கால் பதில் சொல்லிவிடும்!

காரணம், ஏற்றமெல்லாம் மான்சன் பக்கத்துப் பாதியில்தான். பேரன், சேர்பேக் என்று வரிசையாக மலைகள், பிறகு வொயிட் கேப். அதற்கு வடக்கே பெரும்பாலும் சமதளம், ஏரிகள். அதாவது பை அதிகக் கனமாக இருக்கும் நாட்களில்தான் பாதையும் அதிகச் செங்குத்து. ஜார்ஜியாவிலிருந்தே நடந்து வருகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, கால் இரும்பாகியிருக்கும். நாற்காலியிலிருந்து எழுந்து நேராக வருகிறவர் முதல் மூன்று நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று எழுதிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் அபோல் பாலத்திலிருந்து தெற்கு நோக்கி நடக்கலாம். மலை வரும்போது பை பாதியாகியிருக்கும். என்ன, கட்டாடின் முதுகுக்குப் பின்னால் போய்விடும்! மான்சனில் உள்ள தங்குமிடக்காரர்கள் பணம் வாங்கிக்கொண்டு நடுவழி மண் சாலையில் சாப்பாடு கொண்டுவந்து தருவதும் உண்டு. சிலர் இதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். முழங்காலுக்கு அந்தக் கௌரவமெல்லாம் தெரியாது.

மே கடைசியிலும் ஜூனிலும் கறுப்பு ஈக்கள் பிடுங்கி எடுத்துவிடும். பல ஓடைகளுக்குப் பாலம் கிடையாது, இறங்கித்தான் கடக்க வேண்டும். அப்போது பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் இழுத்தால் பையைத்தான் விட வேண்டும், ஆளை அல்ல.

திட்டத்தில் பலரும் எழுத மறக்கும் வரி ஒன்று உண்டு. 2013 ஜூலையில் இதே மெய்னில், இதே தடத்தின் வேறொரு பகுதியில், 66 வயதுப் பெண் ஒருவர் இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு ஒதுங்கினார். திரும்பும் வழி தெரியவில்லை. செல்போனில் கணவருக்கு அனுப்பிய செய்திகள் சிக்னல் இல்லாமல் போய்ச் சேரவே இல்லை. பெரிய தேடுதல் நடந்தும் கிடைக்கவில்லை. 2015 அக்டோபரில்தான் அவருடைய உடலும் கூடாரமும் கிடைத்தன, தடத்திலிருந்து 3 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில். நாட்குறிப்பில் மூன்று வாரத்துக்கும் மேல் எழுதியிருந்தார்.

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி இன்று சுமார் 100 கிராமில் கிடைக்கிறது. 9 கிலோ சாப்பாட்டுக் கணக்குக்குக் கீழே அதையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளலாம்.