உப்பளக் கரையில் ஒரு பட்டறைப் பாடம்

புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்கிறோம். 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பெற்ற ஆரோவில்லின் செம்மண் மேடு இடப்புறம் விலகியபின், மரக்காணத்தின் உப்பளங்கள் கண்ணிற் படுகின்றன. வெண்குவியல்களைச் சுமப்பவை லாரிகள். இரும்புக்கு உப்புக் காற்றோ பகை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பு விளைச்சல் நிற்கும். பழைய டீசல் லாரியைப் பட்டறையில் விட அதுவே ஏற்ற காலம். தேய்ந்த கியர் பெட்டிக்கு மாற்றாக வேறொரு லாரியின் பெட்டியைப் பூட்டுவதுண்டு. மரையாணிகள் பொருந்தினால் மட்டும் போதுமா? போதாது. கிளட்ச் தட்டின் நடுப்பற்கள் பெட்டித் தண்டின் பற்களோடு எண்ணிக்கையிலும் அளவிலும் ஒத்திருத்தல் வேண்டும். தட்டின் விட்டம் ஃப்ளைவீலுக்கு இசைய வேண்டும். பெட்டியின் நீளம் மாறின், பின்னச்சுக்குச் செல்லும் தண்டின் நீளமும் மாற வேண்டும்.

இவற்றுள் சிக்கனம் தவறான இடத்தில் புகுவது கிளட்ச் தட்டில்தான். "பழைய தட்டே இருக்கட்டும்" என்பர். பெட்டியை இறக்காமல் தட்டை எட்ட முடியாது. தேய்ந்த தட்டோ பாரத்தில் வழுக்கிச் சூடேறிக் கருகும். அப்போது உப்புக் காலத்தின் நடுவே பெட்டியை மீண்டும் இறக்க நேரும். இரட்டைக் கூலியோடு வாடகையும் போகும். பாதிக்கப்படுவது வீட்டு அடுப்பு. ஆதலின், பெட்டி இறங்கிய அன்றே தட்டையும் மாற்றிவிடுவதே குடும்பத்திற்குச் சிக்கனம்.